எல்லைக் கோட்டில் மஞ்சள் ஹெல்மெட்

அத்தியாயம் 6

மாநில எல்லைப் பலகை கண்ணில் பட்டதுமே க்ளீ பெல்லமியின் இடது கை தாடைக்குப் போனது. 'தென் கரோலினா உங்களை வரவேற்கிறது' என்று அது சொல்லி முடிப்பதற்குள் ஹெல்மெட் கழன்று மடிக்கு வந்துவிட்டது. மே மாதக் கடற்காற்று அவனுடைய வழுக்கையைத் தடவிக் கொடுத்தது.

"பலகையைத் தாண்டி நாலடி போனப்புறம் கழட்டுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்றாள் மோட்டார் சைக்கிளின் சைடுகாரில் உட்கார்ந்திருந்த ஜூனெட்டா வெரீன்.

"நாலடியில என்ன ஆயிடப் போகுது மிஸ் ஜூனெட்டா?"

"கோட்டுக்கு வடக்கே ஹெல்மெட் கட்டாயம், உன் தலை அரசாங்கத்தோடது. தெற்கே வந்தாத்தான் அது உன்னோடது. அந்த நாலடிக்காகவே ஆயிரம் பேருக்கு அபராதச் சீட்டு கிழிச்சிருக்கேன்."

பொய்யில்லை. வட கரோலினா நெடுஞ்சாலைப் போலீசில் இருபத்தேழு வருடம் உழைத்து ஓய்வு பெற்றவள் அவள். இப்போது ஐம்பத்தெட்டு வயதில் தனியார் துப்பறிவாளர். பழைய இழுவை லாரி டிரைவரான க்ளீ அவளுக்கு உதவியாளன், ஓட்டுநர், சில சமயம் தலைவலி. எந்த மாநிலத்திலும் அவள் தன் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றியதில்லை. கேட்டால், "சட்டம் மாறும், மண்டை ஓடு மாறாது" என்பாள்.

சாலையின் வடக்குப் பக்கத்தில், பைன் மரங்களுக்குப் பின்னால், ஒரு போலீஸ் கார் நின்றிருந்தது. அதில் ஹோல்டன் என்ற இளம் ரோந்துக்காரன். மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கும் இந்த ஒரு வாரமும் அவனுக்கு அறுவடைக் காலம். தெற்கே வெறும் தலையோடு சுற்றிவிட்டு, மறந்துபோய் அப்படியே வடக்கே வருகிறவர்களைக் கொத்திக்கொண்டு போவான். தன் பழைய மேலதிகாரியைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தான்.

கோட்டுக்குத் தெற்கே சரியாக ஐம்பது தப்படியில் இருந்தது வெண்டல் சோல்ஸின் கடை. ஒரே ஒரு தகரக் கொட்டகை. முன்சுவர் முழுக்க ஆணிகள், அறுபத்து நாலு ஆணி, ஆணிக்கு ஒரு ஹெல்மெட். வடக்கிலிருந்து வருகிறவர்கள் இங்கே ஹெல்மெட்டை மாட்டிவிட்டுப் அடையாளத்துக்குப் பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு தலையைக் காற்றாட விட்டபடி கடற்கரைக்குப் போவார்கள். தெற்கிலிருந்து வடக்கே மீன் வறுவல் தின்னப் போகிறவர்கள் வாடகைக்கு ஒன்றை எடுத்துக் கவிழ்த்துக்கொள்வார்கள். இரண்டு சட்டங்களுக்கு நடுவே இருந்த இடுக்கில் வெண்டல் பதினைந்து வருடமாகப் பிழைத்து வந்தார்.

விஷயம் இதுதான். நேற்று, சனிக்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு, கோட்டுக்கு வடக்கே பத்து மைலில் மிஸ் ஸ்டானலாண்டின் சின்ன நகைக்கடைக்குள் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் புகுந்தான். எழுபது வயதுக் கிழவியைத் தள்ளிவிட்டு மோதிரத் தட்டோடு ஓடிவிட்டான். அவள் மணிக்கட்டு முறிந்துபோனது. கடையின் கேமராவில் விழுந்தது ஒரு மஞ்சள் ஹெல்மெட், பின்பக்கம் கையால் வரைந்த கறுப்பு நண்டு. அப்படிப்பட்ட ஹெல்மெட் இரண்டு கரோலினாக்களிலும் ஒன்றுதான் உண்டு. அது டிலேனோ ஃப்ரிங்க் என்ற பையனுடையது. இரவு வீடு திரும்பும்போது அதே ஹெல்மெட்டோடு அவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை நீதிபதி முன் நிறுத்துவார்கள்.

"ஹெல்மெட்டை வெண்டல் கடையில விட்டுட்டுத் தெற்கே போயிட்டேன்" என்பதுதான் அவன் சொன்ன ஒரே வாக்கியம். தெற்கே எங்கே, யாரோடு என்றால் வாயில் பூட்டு.

வெண்டல் கடை வாசலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது. எண்ணெய் வைத்து வாரிய நரைத்த தலை.

"வாங்க மிஸ் வெரீன். போலீஸ்ல சொன்னதையே உங்ககிட்டயும் சொல்றேன். சனிக்கிழமை ஒன்பதரைக்கு வந்து முப்பத்தோராம் ஆணியில மாட்டிட்டுத் தெற்கே போனான். பத்து மணிக்குத் திரும்பி வந்தான், ஹெல்மெட்டைக் கேட்டான், குடுத்தேன். வடக்கே போனான். பதினொன்றரைக்கு மறுபடி வந்து மாட்டிட்டுப் போனான்."

"அவன்தான்னு நல்லாத் தெரியுமா?"

"தெரியாம என்ன? போன கோடைலேர்ந்து வாரா வாரம் வர்றவனாச்சே. மத்த பசங்க மாதிரிதான். கோட்டைத் தாண்டினதும் ஹெல்மெட்டைக் கழட்டி என் கையில குடுத்துட்டுத்தான் மறுவேலை. அந்த ஆணியே அவன் பேருக்கு எழுதி வெச்ச மாதிரி." வெண்டல் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "நல்ல பையன். என்ன கேடு காலமோ."

"உங்களுக்கு வியாபாரம் எப்படி?" என்று க்ளீ கேட்டு வைத்தான்.

"எங்க? அடுத்த மாசம் புதுப் பாலம் திறக்கறாங்க. அப்புறம் இந்த ரோட்டுல நாய்கூட வராது."

வண்டிக்குத் திரும்பும்போது க்ளீ தணிந்த குரலில் சொன்னான்: "பையன் கதை கந்தல். ஹெல்மெட் அவனோடது, சாட்சி கண்ணால பார்த்தவர். நாம வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு மீன் வறுவல் சாப்பிடப் போலாம்."

"நாம இன்னும் முன்பணமே வாங்கலையே."

"அப்ப மீன் வறுவல் மட்டும்."

ஜூனெட்டா சிரிக்கவில்லை. "திருவிழா மைதானத்துக்கு விடு. அந்தப் பொண்ணைப் பார்க்கணும்."

அந்தப் பெண் ரெனிட்டா கோர். பள்ளிக்கூடத்து நர்ஸ், இருபத்து நாலு வயது. டிலேனோவின் காதலி. இந்த வழக்கை அவர்களிடம் கொண்டுவந்ததே அவள்தான். திருவிழாவில் முதலுதவிக் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடாரத்துக்குள் ஏழெட்டுப் பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய உச்சந்தலையும் வேகவைத்த நண்டு நிறத்தில் இருந்தது. ரெனிட்டா ஒவ்வொன்றிலும் களிம்பை அப்பிக்கொண்டே வந்தாள்.

"சுதந்திரம் ரொம்பச் சுட்டுடுச்சு போலிருக்கே," என்றான் க்ளீ.

"அடுத்தது உங்க தலைதான், உட்காருங்க," என்று சொல்லி, அவன் மறுப்பதற்குள் ரெனிட்டா அவன் வழுக்கையிலும் ஒரு கை களிம்பை வைத்தாள். பிறகு ஜூனெட்டாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "அவன் செய்யல மேடம். அவனுக்குத் திருடத் தெரியாது. பொய்கூடச் சொல்லத் தெரியாது."

"நேத்து உன்னை எப்ப பார்த்தான்?"

"பன்னிரண்டு மணிக்குக் கடற்கரையில வர்றதாச் சொன்னான். வந்தது ஒன்றரைக்கு. மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தான். டயர் பஞ்சர்னு சொன்னான்."

"தனியாத்தான் வந்தானா? தலையில என்ன இருந்தது?"

"ஒண்ணுமில்ல. முதல் தடவையா வெறுந்தலையா வந்தான்." ரெனிட்டாவின் கண் கலங்கியது. "அதுக்கும் நான்தான் காரணம். வெள்ளிக்கிழமை கேலி பண்ணினேன். ஊர்ல எல்லாரும் காத்தாடப் போறாங்க, நீ மட்டும் மீன் தொட்டிக்குள்ள தலையை விட்டவன் மாதிரி வர்றியே, நாளைக்கு உன் முகத்தைப் பார்க்கணும்னு சொன்னேன்."

"முதல் தடவையா? அதுக்கு முன்னால?"

ரெனிட்டா கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். டிலேனோவின் சவாரி கிளப், போன கோடை, கடற்கரைச் சாலை. ஏழு வெறும் தலைகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. எட்டாவது ஆள் மஞ்சள் ஹெல்மெட், அதற்குள்ளே கண்ணுக்குக் காற்றுக் கண்ணாடி. விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் வந்தன. அக்டோபர், மார்ச், ஏப்ரல். எல்லாவற்றிலும் அப்படியே.

"தெற்கே வந்தும் கழட்ட மாட்டானா?" என்று கேட்டாள் ஜூனெட்டா.

"மாட்டான். செத்துப்போன அவங்க அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கானாம். எந்த ஊர்ல ஓட்டினாலும் ஹெல்மெட்டும் கண்ணாடியும் போடுறேன்னு."

"கண்ணாடியுமா?"

"ஆமா மேடம், கண்ணாடியும்."

ஜூனெட்டாவின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. க்ளீ அந்தத் துடிப்பைப் பதினொரு வருடமாகப் பார்த்து வருகிறவன். யாருக்கோ கேடு காலம் என்று அர்த்தம்.

"டிலேனோவுக்கு என்ன வயசும்மா?"

"இருபத்தஞ்சு."

"சரி. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஜெயில் வாசலுக்கு வந்துடு," என்றாள் ஜூனெட்டா.

வடக்கே திரும்பும் வழியெல்லாம் க்ளீ நச்சரித்தான். "என்னத்தக் கண்டுபிடிச்சீங்கன்னு சொல்லிட்டா என் ரத்தக் கொதிப்பு இறங்கும்."

"நீ எத்தனை மாநிலத்துல வண்டி ஓட்டியிருக்க?"

"பதினாலு. ஒவ்வொண்ணும் ஒரு மாமியார் வீடு. வர்ஜீனியாவுல ஹெல்மெட் போட்டாப் பத்தாது, கண்ணுக்கும் மறைப்பு வேணும். ப்ளோரிடாவுல தலையைக் காட்டணும்னா முதல்ல ஆஸ்பத்திரிக் காப்பீட்டைக் காட்டணும். லூசியானாவுல அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தையைப் பின்னால ஏத்தக் கூடாது. ஒரு ஊர்ல என் கைப்பிடி தோளுக்கு மேல இருக்குன்னு ஸ்கேல் வெச்சு அளந்தான். அவன் குள்ளன். என் தோள் எங்கன்னே அவனுக்குத் தெரியல."

"தென் கரோலினாவுல?"

"இங்கதான் சொர்க்கமாச்சே. ஒண்ணும் வேண்டாம்."

"யாருக்கு வேண்டாம்?"

க்ளீ வேகத்தைக் குறைத்தான். பலகை வந்தது. வண்டியை ஓரம் கட்டி ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டான். களிம்பு வழுக்கி அது ஒரு சுற்று சுற்றி நின்றது. "இருபத்தொரு வயசு ஆனவனுக்கு வேண்டாம்," என்றான் மெதுவாக. "ஆகாதவனுக்கு..."

"ஹெல்மெட்டும் கண்ணாடியும் ரெண்டும் கட்டாயம். பெத்த தாய்க்குச் சத்தியம் பண்றவன் தலைக்குப் பண்ணுவான். கூடவே கண்ணாடிக்கும் எவன் பண்ணுவான்? அது தாய்ப் பாசம் இல்ல க்ளீ, சட்டப் புத்தகம்."

சிறைச்சாலையின் பார்வையாளர் அறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டிலேனோ வந்து உட்கார்ந்தான். நெடுநெடுவென்ற உடம்பு. மேலுதட்டில், மீசை என்று அவன் நம்பிக்கொண்டிருந்த ஒன்று.

"உனக்கு வயசு என்ன?" என்று ஆரம்பித்தாள் ஜூனெட்டா.

"இருபத்தஞ்சு மேடம்."

"போலீஸ்ல சொன்ன வயசைக் கேட்கிறேன். ரெனிட்டாகிட்ட சொன்ன வயசு எனக்கே தெரியும்."

டிலேனோ கதவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், கடைசியில் தன் கைகளைப் பார்த்தான். "இருபது," என்றான். "அக்டோபர்ல இருபத்தொண்ணு."

"நேத்துக் காலைல வெறுந்தலையா எவ்வளவு தூரம் போன?"

"நாற்பது மைல். கடற்கரைக்குத் திரும்புற இடத்துலதான் போலீஸ் நிறுத்தினாங்க. என் முன்னால முப்பது பேர் வெறுந்தலையாப் போனாங்க மேடம். அந்த ஆளு என் மூஞ்சியை ஒரு பார்வை பார்த்தான், கையைக் காட்டினான், அவ்வளவுதான்."

"மீசையை நம்பியிருக்கக் கூடாது தம்பி," என்றான் க்ளீ அனுதாபத்தோடு.

"சீட்டு குடுத்தானா?"

"குடுத்தான். ஹெல்மெட் இல்லாம வண்டியை எடுக்கவும் விடல. ஒரு மைல் வெயில்ல தள்ளிட்டுப் போய் ஒரு பொம்மைக் கடையில கிடைச்ச ஹெல்மெட்டை வாங்கினேன். இளஞ்சிவப்பு. அதைப் போட்டுட்டுக் கடற்கரை வரைக்கும் வந்து, அவ பார்க்கிறதுக்கு முன்னால குப்பைத் தொட்டியில போட்டுட்டேன்."

"சீட்டு?"

"கடல்ல."

ஜூனெட்டா பெருமூச்சு விட்டாள். "உன்னைக் காப்பாத்தற ஒரே காகிதத்தை மீனுக்குப் போட்டிருக்க. போலீஸ்ல ஏன் சொல்லல?"

"சொன்னா அது கோர்ட்டுல வரும். பிறந்த தேதியோட உரக்கப் படிப்பாங்க. ரெனிட்டா முதல் வரிசையில உட்கார்ந்திருப்பா." அவன் குரல் இறங்கியது. "முதல் நாள் வாய் தவறி இருபத்தஞ்சுன்னு சொல்லிட்டேன் மேடம். அப்புறம் சரி பண்ணவே நேரம் கிடைக்கல. நான்தான் திருடலையே, எப்படியும் விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

"கிழவியைத் தள்ளி எலும்பை முறிச்ச வழக்கு இது. பத்து வருஷம் போடுவாங்க."

டிலேனோ மீசையைக் கையால் மூடிக்கொண்டான். அந்த நிமிடம் அவனுக்கு இருபதுகூட ஆகியிருக்காது என்று க்ளீக்குத் தோன்றியது. கேலி செய்யத் தயாராக வைத்திருந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன், யோசிச்சுச் சொல்லு," என்றாள் ஜூனெட்டா. "நேத்தைக்கு முன்னால வெண்டல் கடையில என்னைக்காவது ஹெல்மெட்டை மாட்டியிருக்கியா?"

"ஒரு நாளும் இல்ல மேடம். எப்படி மாட்டுவேன்? தெற்கேயும் எனக்கு அது வேணுமே."

வெளியே வந்ததும் ஜூனெட்டா தென் கரோலினா ரோந்துப் படையில் இருந்த தன் பழைய நண்பருக்குப் போன் போட்டாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. சீட்டின் நகல் இருக்கிறது. டிலேனோ ஃப்ரிங்க், வயது இருபது, ஹெல்மெட் இல்லை, கண்ணாடி இல்லை. நேரம் பத்து ஐம்பத்திரண்டு. அந்த மாநிலத்துச் சீட்டு இந்த மாநிலத்துக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகுமாம். சீட்டு கொடுத்த இடத்திலிருந்து நகைக்கடைக்கு ஐம்பது மைல். பதின்மூன்று நிமிடத்தில் ஐம்பது மைலைக் கடக்க மோட்டார் சைக்கிளுக்குச் சிறகு முளைக்க வேண்டும்.

"பையன் வெளியே," என்றான் க்ளீ. "ஆனா ஹெல்மெட் நகைக்கடைக்குள்ளே போயிட்டு வந்திருக்கே. ஆணியிலேர்ந்து அது தானாவா இறங்கிப் போச்சு?"

"அதைத்தான் கேட்கப் போறோம். நீ ஒரு வேலை செய். கடைக்குத் தெற்கே போற வழியில வண்டியைக் குறுக்கால நிறுத்து."

நாலு மணி வெயிலில் வெண்டல் இன்னும் கடலைதான் உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. கடைக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருந்த தெற்கு வழியை சைடுகாரோடு அடைத்துக்கொண்டு நின்றான் க்ளீ.

"வெண்டல், சனிக்கிழமை பத்து மணிக்கு டிலேனோ திரும்பி வந்தான்னு சொன்னீங்களே," என்றாள் ஜூனெட்டா.

"ஆமா. வந்தான்."

"அவன் அப்ப தெற்கே போயிட்டிருந்தான். பத்து ஐம்பத்திரண்டுக்கு நாற்பது மைல் தள்ளி ரோந்துப் போலீஸ் முன்னால நின்னுட்டு இருந்தான். கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கு."

கடலை உரித்த விரல்கள் நின்றன. "நாள் பூரா நூறு பேர் வர்றாங்க. நேரம் கொஞ்சம் முன்னே பின்னே..."

"நேரம் தப்பாகலாம். ஆனா வாரா வாரம் உங்க கையில ஹெல்மெட்டைக் குடுப்பான்னு சொன்னீங்களே, அது எப்படித் தப்பாச்சு? அந்தப் பையனுக்கு இருபது வயசு. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அவன் தலை அரசாங்கத்தோடதுதான். சனிக்கிழமை வரைக்கும் அவன் உங்க ஆணியைத் தொட்டதே இல்ல. பொய் சொல்றவங்க நம்பணுமேன்னு உப்பைக் கொஞ்சம் கூடப் போடுவாங்க. நீங்க போட்ட உப்பு அதிகமாப் போச்சு."

வெண்டல் எழுந்தார். முகம் அமைதியாகத்தான் இருந்தது. "உள்ளே போய்த் தொப்பியை எடுத்துட்டு வந்துடறேன். உட்கார்ந்து பேசலாம்."

உள்ளே போனவர் பின்பக்கமாக வெளியே வந்தார். கையில் தொப்பி இல்லை. அக்குளில் ஒரு பழைய நீல ஹெல்மெட். அறுபது வயது மனிதர் அவ்வளவு வேகமாக வண்டியில் ஏறி க்ளீ பார்த்ததில்லை. தெற்கே திரும்பினார், சைடுகாரைப் பார்த்தார். வண்டியை அப்படியே ஒடித்து வடக்கே விட்டார்.

"போறாரே மிஸ் ஜூனெட்டா."

"போகட்டும். நடந்தே போலாம் வா."

ஐம்பது தப்படிதான். அவர்கள் பாதி தூரம் நடப்பதற்குள் பைன் மரங்களுக்குப் பின்னாலிருந்து சைரன் ஒரு தடவை கூவி நின்றது. கோட்டைத் தாண்டி இருபது அடியில் வெண்டல் வெறும் தலையோடு நிறுத்தப்பட்டிருந்தார். ஹோல்டன் சீட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டே கேட்பது காதில் விழுந்தது.

"என்ன மிஸ்டர் சோல்ஸ், ஊருக்கெல்லாம் ஹெல்மெட் குடுக்கிறவர் நீங்க. கையில ஒண்ணு வேற வெச்சிருக்கீங்க. அதைத் தலையில வெச்சா என்ன?"

"இது... இது எனக்குச் சின்னது."

"கடையில அறுபத்து நாலு இருக்கு. உங்க தலைக்கு ஒண்ணுகூடவா அமையல?" ஹோல்டன் சிரித்தான். "பரவால்ல, பெரியவர் நீங்க. அதைப் போட்டுக் காட்டுங்க, எச்சரிக்கையோட விட்டுடறேன்."

வெண்டல் அசையவில்லை. நீல ஹெல்மெட்டைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"போடுங்க வெண்டல்," என்றாள் பின்னால் வந்து நின்ற ஜூனெட்டா. "போட்டா ஒரு சீட்டு மிச்சம்."

"மேடம், இவர் ஏன் இப்படி முழிக்கிறாரு?" என்றான் ஹோல்டன். இப்போது அவன் சிரிக்கவில்லை. கையை நீட்டினான். "இப்படிக் குடுங்க அதை."

வாங்கித் திருப்பினான். உள்ளே மெத்தை நெடுகக் கிழிக்கப்பட்டு, ஒட்டுநாடாவால் மூடப்பட்டிருந்தது. வெயிலில் பசை இளகியிருந்தது. டங் என்று ஒரு மோதிரம் தார்ச்சாலையில் விழுந்து, நிற்காமல் தெற்குப் பக்கமாக உருண்டது. க்ளீ ஓடிப்போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் அதைக் காலால் மிதித்தான். பின்னாலேயே இன்னும் நாலைந்து மோதிரம் பொலபொலவென்று கொட்டியது.

"இது இப்ப எந்த மாநிலத்துச் சொத்து?" என்று க்ளீ கேட்டான்.

வெண்டல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "கிழவியைத் தள்ளணும்னு நினைக்கல," என்றார். "தட்டை அவ விடல. பாலம் வந்தா கடை போச்சு மிஸ் வெரீன். அந்த நண்டு ஆணியில தொங்கிட்டுப் பார்த்துட்டே இருந்தது. அதைப் போட்டா எல்லாரும் நண்டைத்தான் பார்ப்பாங்க, ஆளைப் பார்க்க மாட்டாங்கன்னு தோணிச்சு."

"சரியாத்தான் தோணியிருக்கு. எல்லாரும் நண்டைத்தான் பார்த்தாங்க," என்றாள் ஜூனெட்டா. அவள் குரலில் வெற்றி இல்லை. குனிந்து அவரைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு டிலேனோ வெளியே வந்தான். ரெனிட்டா வாசலில் நின்றிருந்தாள். ஓடி வரப் போனவளை அவன் கையைக் காட்டி நிறுத்தினான். 'நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லணும்' என்று ஜூனெட்டா காலையிலேயே அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவளும் க்ளீயும் மரத்தடியில் வண்டியோடு நின்றார்கள். ஒட்டுக்கேட்கிற எண்ணம் இல்லை என்று காட்டுவதற்காக க்ளீ வண்டிக் கண்ணாடியைத் துடைத்தான். ஆனால் ஒரு வார்த்தைகூட விடவில்லை.

"எனக்கு இருபத்தஞ்சு இல்ல ரெனிட்டா. இருபது." பிறகு மூச்சு விடாமல் சீட்டு, இளஞ்சிவப்பு ஹெல்மெட், கடல் எல்லாவற்றையும் கொட்டினான்.

ரெனிட்டா கைகளைக் கட்டிக்கொண்டாள். "இதை என்கிட்ட மறைக்கவா ஜெயில்ல உட்கார்ந்திருந்த?"

"ஆமா."

"பத்து வருஷம்னாலும் உட்கார்ந்திருப்பியா?"

"முதல் ராத்திரி அப்படித்தான் நினைச்சேன். ரெண்டாவது ராத்திரி கொஞ்சம் யோசனை வந்தது."

அவள் திரும்பித் தன் காரை நோக்கி நடந்தாள். டிலேனோ நின்ற இடத்திலேயே நின்றான். காரின் கதவைத் திறந்தவள், ஏறவில்லை. திரும்பி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"வேற என்ன பொய் சொல்லியிருக்க? இப்பவே எல்லாத்தையும் சொல்லிடு. அப்புறம் ஒண்ணு தெரிஞ்சாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

டிலேனோ கண்ணை மூடி ஒவ்வொன்றாக யோசித்தான். மனசுக்குள் முழு அலமாரியையும் உருட்டுவது முகத்தில் தெரிந்தது.

"உங்கம்மா வைக்கிற வெண்டைக்காய் சூப்," என்றான்.

"அதுக்கு என்ன?"

"எனக்குப் பிடிக்காது. வாயில வெச்சாலே வழுக்குது."

"எட்டு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாமச் சாப்பிட்டியே. ரெண்டாவது கிண்ணம் கேட்டுக் கேட்டு வாங்கினியே."

"முதல் கிண்ணத்தைச் சீக்கிரம் முடிச்சுட்டா எழுந்திரிக்கலாம்னு வேகமாக் குடிச்சேன். பசின்னு நினைச்சு மறுபடி ஊத்திட்டாங்க. அப்புறம் நிறுத்தத் தெரியல."

ரெனிட்டாவின் வாய் கோணியது. கோபமாக வைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டாள். முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. பிறகு அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள்.

"வயசை நான் மன்னிச்சுடறேன். இந்த ஞாயித்துக்கிழமை வா. சூப் விஷயத்தை எங்கம்மாகிட்ட நீயே உன் வாயால சொல்லணும்." காரின் கதவை அவனுக்காகத் திறந்து பிடித்தாள். "ஜெயிலே தேவலைன்னு உனக்கு அப்பத் தெரியும்."